பன்னிரண்டு மீன், ஒரே மூஞ்சி

விலை சொல்லும்போது எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்க்கிறவன் வியாபாரத்துக்கு ஆகமாட்டான். நான் அந்த ரகம். எதிராளி புருவத்தைச் சுருக்கினால் நூறு ரூபாய் இறக்குவேன். உதட்டைப் பிதுக்கினால் இருநூறு. கொட்டாவி விட்டால் வீட்டுக்கே கொண்டுவந்து மாட்டித் தருவதாகச் சொல்லிவிடுவேன். இந்த வியாதி இருக்கிறவன் எதையாவது விற்கலாமா? நான் மரத்தில் செதுக்கி விற்றேன்.

செதுக்கினேன் என்றால் உளியைப் பிடித்து என்று நினைத்துவிடாதீர்கள். உளியைப் பிடித்தால் என் கட்டைவிரல்தான் முதலில் செதுக்கப்படும். எல்லாம் மெஷின். கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டால் அது பாட்டுக்கு மரத்தைக் குடைந்து எடுத்துவிடும். சவூதியில் பதினொரு வருடம் விளம்பரப் பலகை செய்யும் கம்பெனியில் இருந்தேன். அங்கே என் வேலை, மெஷின் வெட்டிப் போட்ட எழுத்துகளை எடுத்துத் தூசி துடைப்பது. ஊருக்கு வந்ததும் 'மெஷின் ஆபரேட்டர்' என்று சொல்லிக்கொண்டேன். (துடைக்கிறவன் என்று சொன்னால் மாமனார் வீட்டில் நாற்காலி போடுவார்களா?) கொண்டுவந்த பணத்தையும் செல்வியின் நகையையும் சேர்த்துக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு மெஷினை இறக்கி, ராமநாதபுரத்தில் ஷெட் போட்டு உட்கார்ந்தேன். செல்வி என் மனைவி. உத்தரகோசமங்கைக்காரி. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பதால் எந்த எண்ணைப் பார்த்தாலும் இரண்டு முறை கூட்டிப் பார்ப்பாள்.

முதல் ஒரு வருடம் பூஜையறைக் கதவு, வீட்டுப் பெயர்ப் பலகை, பிள்ளையார் என்று ஓடியது. பிறகுதான் மண்டபம் ஊரிலிருந்து போன் வந்தது. கருணாகரன் என்று ஒருவர், ராமேஸ்வரம் போகும் ரோட்டில் கடல் உணவுக்கென்றே ஒரு ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே லாட்ஜ் வைத்து நன்றாகச் சம்பாதித்தவர். ஹோட்டலில் பன்னிரண்டு மேசை. ஒவ்வொரு மேசைக்கும் ஒரு மீனின் பெயர். மேசைக்கு மேலே அந்த மீனையே இரண்டடி நீளத்துக்கு மரத்தில் செதுக்கி, வண்ணம் தீட்டி, அடியில் பெயர் எழுதித் தொங்கவிட வேண்டும். சீலா, பாறை, ஊளி, வாவல், விளமீன், சங்கரா, நெத்திலி, சூடை, திருக்கை, கணவாய், நண்டு, இறால்.

இங்கேதான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு மீன் தெரியாது. நான் அபிராமத்தில் பிறந்தவன். கடல் எங்களுக்குத் திதி கொடுக்கப் போகிற இடம். மீன் என்றால் கண்மாய் வற்றும்போது சேற்றில் இறங்கிப் பிடிக்கிற ஜிலேபிக் கெண்டை. அதற்கு மேல் வேண்டுமென்றால் சந்தையில் தலை வெட்டித் துண்டு போட்டுப் பையில் கொடுப்பார்கள். எனக்குத் தெரிந்த சீலாவுக்குத் தலையே கிடையாது.

செல்வி அன்றைக்கு இரவே மகளின் பழைய நோட்டில் கணக்குப் போட்டாள். மரம், கரண்டு, வெட்டும் பிட் தேய்மானம், பெயின்ட், பெயின்டர் கூலி, வண்டி. கடைசியாக 'உங்க கூலி' என்று ஒரு வரி.

"எனக்கெதுக்குக் கூலி? மெஷின்தான வெட்டுது?" என்றேன்.

"மெஷினுக்குப் பக்கத்துல நீங்க சும்மாவா நிக்கிறீக? ஒரு மீனு நாலாயிரத்துக்குக் கீழ போனா நமக்கு நட்டம். எறங்கணும்னு தோணுச்சுன்னா வெளிய வந்து எனக்குப் போன் போடுங்க."

"போன் போட்டுக் கேக்க நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று கோபித்துக்கொண்டேன். சின்னப் பிள்ளையாக இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

மண்டபத்தில் ஹோட்டல் பாதி முடிந்திருந்தது. கருணாகரன் வெள்ளைச் சட்டையில், முன்னால் ஒரு பெரிய கிளாஸ் நன்னாரி சர்பத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிறைய ஐஸ் போட்டது. எனக்கும் ஒன்று வரவழைத்தார்.

"மீனு ஒண்ணு என்ன வருது தம்பி?"

"நாலாயிரத்து ஐந்நூறுண்ணே."

அவர் சர்பத்தை ஒரு வாய் குடித்தார். குடித்தவர் முகம் அப்படியே கோணியது. கண் இடுங்கி, கன்னம் ஒரு பக்கமாக இழுத்து, இழவுச் செய்தி கேட்டவர் மாதிரி ஆகிவிட்டார்.

"நாலாயிரமே போட்டுக்கலாம்ணே," என்றேன் அவசரமாக.

இன்னொரு வாய். இன்னொரு கோணல்.

"மூவாயிரம்."

இப்படி அவர் வாயைத் திறந்து பேரம் பேசாமலேயே, அந்த கிளாஸ் காலியாவதற்குள் இரண்டாயிரத்து நூறுக்கு வந்துவிட்டேன். அவருக்குக் கடைவாய்ப் பல் சொத்தை, ஐஸ் பட்டால் உயிர் போகும் என்பது ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பல்வலிக்குத் தள்ளுபடி கொடுத்த ஒரே வியாபாரி இந்த மாவட்டத்தில் நானாகத்தான் இருப்பேன்.

விட்டதை எழுத்தில் பிடிக்கலாம் என்று நினைத்தேன். "பேரு செதுக்குறதுக்குத் தனிண்ணே. ஒரு எழுத்துக்கு அறுபது ரூவா."

"பாறை. எத்தனை எழுத்து?" என்றார் கருணாகரன்.

"நாலுண்ணே."

"நாலா? பா, றை. ரெண்டுதான?"

"மெஷினுக்கு அது நாலுண்ணே. பானாவுக்குப் பக்கத்துல ஒரு கால் இருக்கு. றைக்கு முன்னாடி சங்கிலிக் கொம்பு இருக்கு. எல்லாத்தையும் தனித்தனியா வெட்டணும்."

"நான் காலு கொம்பெல்லாம் கேக்கலையே தம்பி. எழுத்துதான கேட்டேன்? சரி, நெத்திலி. நெ, த், தி, லி. இதுல 'த்' புள்ளி வச்ச எழுத்து. புள்ளி வச்சா அரை மாத்திரை. அதுக்கு முப்பது ரூவாதான் வரும்."

(அவர் பத்தாம் வகுப்பில் தமிழில் மட்டும் பாஸானவராம். அந்த ஒரு பாஸை அன்றைக்கு முழுக்க என்மேல் பிரயோகித்தார்.)

"ஊளியில 'ஊ'வுக்குள்ள ஒரு 'ள' இருக்குண்ணே..."

"உள்ள இருந்தா? லாட்ஜுல ரூமுக்குத்தான் வாடகை. உள்ள எத்தனை பேரு படுத்திருக்கான்னு எண்ணியா வாங்குறோம்?"

இருபது நிமிடம் இலக்கணம் பேசினோம். முடிவில் அவர் எழுந்து என் தோளில் கைபோட்டு, "எழுத்துக்கெல்லாம் தனியா வேணாம் தம்பி, மீனோடயே சேத்துக்க. ஒவ்வொரு மீனுக்கு அடியிலயும் உன் போன் நம்பரப் போட்டுக்க. ராமேஸ்வரம் வர்ற வடநாட்டுக்காரன் பூராப் பாப்பான். ஒனக்கு ஆர்டர் கொட்டும்," என்றார்.

நான் நன்றி சொன்னேன். பன்னிரண்டு மீனைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு, கும்பிட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

செல்வியிடம் மூவாயிரத்து ஐந்நூறு என்று சொன்னேன். அவள் நோட்டைத் திறந்து அதையும் இரண்டு முறை கூட்டினாள். பிறகு மூடிவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. அது அவள் கேட்கிறதைவிட மோசம்.

பேசின விலைக்குள் வேலையை முடிக்க வேண்டும். வேங்கை மரம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். மாமரம் வாங்கினேன், அதுவும் சரியாகக் காயாதது. பெயின்ட் அடித்தால் எது வேங்கை எது மா என்று மீனுக்குத் தெரியவா போகிறது? அடுத்தது டிசைன். ஒவ்வொரு மீனுக்கும் தனியாகப் படம் வரைந்து வாங்கினால் தலைக்கு எண்ணூறாவது ஆகும். இணையத்தில் தேடியபோது இலவசமாக ஒரு மீன் கிடைத்தது. குண்டாக, செதில் செதிலாக, லேசாகச் சிரிக்கிற மாதிரி ஒரு வாயோடு. பார்த்தவுடனே மனதுக்கு நெருக்கமாக இருந்தது. அது ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

அதையே நீளமாக இழுத்தேன். சீலா. இன்னும் இழுத்தேன். ஊளி. இரண்டு பக்கமும் நெருக்கி மேலே தூக்கினேன். வாவல். சிறிதாக்கினேன். நெத்திலி. மேலிருந்து ஒரே அமுக்காக அமுக்கி ஒரு வாலை ஒட்டினேன். திருக்கை. பாறைக்கும் விளமீனுக்கும் சங்கராவுக்கும் எதுவுமே செய்யவில்லை. வண்ணத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கணவாய், நண்டு, இறாலுக்கு மட்டும் இலவசமாகக் கிடைத்த தனிப்படம். வெளிநாட்டு இறால் போலிருக்கிறது, நண்டு மாதிரி இரண்டு பெரிய கொடுக்கு இருந்தது. கம்பீரமாக இருக்கட்டுமே என்று விட்டேன்.

வண்ணம் தீட்ட ரூபன் வந்தார்.

ரூபன் மண்டபம் அகதி முகாமில் இருந்தார். என்னைவிட இரண்டு வயது இளையவர். சின்னப் பையனாக இருக்கும்போது இலங்கையிலிருந்து தகப்பனோடு படகில் வந்து இறங்கியவர். ஊரெல்லாம் வீட்டுக்குச் சுண்ணாம்பும் பெயின்டும் அடிப்பார். அது இல்லாத நாளில் துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயர் எழுதுவார், முகப்பில் மீன் வரைவார். என் பிள்ளையார்களுக்கெல்லாம் கண் திறந்தது அவர்தான். அவர் கை பட்ட பிறகுதான் என் மெஷின் வேலை பார்க்கிற மாதிரி இருக்கும். இதை நான் அவரிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொன்னால் கூலி ஏறிவிடுமே.

ஒரு மீனுக்கு முந்நூறு ரூபாய் என்று முதலில் பேசியிருந்தேன். இப்போது, "ரூபன், பார்ட்டி ரொம்ப அமுக்கிட்டாரு. நூத்தம்பதா வச்சுக்கங்க. ஆனா பெரிய ஹோட்டலு. நாலு பேரு பாப்பாங்க. உங்களுக்கும் நல்ல வெளம்பரம்," என்றேன்.

கருணாகரன் என்னிடம் சொன்ன அதே வசனம். சொல்லும்போது நாக்கு கூசவில்லை. எல்லோர் முகத்தையும் பார்த்து விலையை இறக்குகிறவன், அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"சரி அண்ணை," என்றார்.

பிறகு தரையில் வரிசையாகக் கிடந்த பன்னிரண்டையும் பார்த்தார். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. இது சீலா இல்லை."

"ஏன், நீளமாத்தான இருக்கு?"

"நீளம் சரி. முகம் இப்பிடி மொட்டையா வராது. கூரா வரும். பல்லும் தெரியும். இது பாறையும் இல்லை. பாறைக்கு வால் ரெண்டாப் பிரியும். எல்லாம் ஒரே மீன் மாதிரிக் கிடக்கு."

"நெட்டுல இருந்துதான் எடுத்திருக்கேன். ஒங்க ஊரு சீலா வேற மாதிரி இருக்கும்."

"அண்ணை, ரெண்டு கரைக்கும் ஒரே கடல்தானே?" என்று சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் சுருக்கென்றது. "நீங்க கலர அடிங்க ரூபன். மீனெல்லாம் மெஷின் பாத்துக்கும்," என்றேன்.

மறுநாள் காலையில் வரும்போது காலண்டர் தாள்களைச் சுருட்டிக் கொண்டுவந்தார். பின்பக்கத்தில் பென்சிலால் பன்னிரண்டு மீனையும் வரைந்திருந்தார். சீலாவின் பல், பாறையின் வால், திருக்கையின் சாட்டை, சூடையின் வயிற்றுக் கோடு எல்லாம் இருந்தது. "ராத்திரி இருந்து கீறினனான். காசு ஒண்டும் வேண்டாம் அண்ணை. ஒருக்கா இதைப் பார்த்து வெட்டுங்கோவன்."

அதை வெட்ட வேண்டுமென்றால் மரம் மறுபடி வாங்க வேண்டும். ஒரு வாரம் ஆகும். அதையெல்லாம்விட, நான் தப்பு என்று ஆகும். "பார்ட்டிக்கு இதுவே போதும்," என்று சொல்லி வாங்கி மேசையில் வைத்தேன். அன்றைக்குச் சாயந்தரம் கையில் ஒட்டிய பசையைத் துடைக்கப் பக்கத்தில் எதுவும் இல்லாததால், அந்தத் தாள்களில் இரண்டை எடுத்துத் துடைத்தேன். கையில் எடுத்த பிறகுதான் பார்த்தேன், வாவலும் விளமீனும். பார்த்த பிறகும் துடைத்தேன்.

ரூபன் தன்னால் முடிந்த மட்டும் வண்ணத்தாலேயே மீனைக் காப்பாற்றப் பார்த்தார். சங்கராவுக்கு நல்ல சிவப்பு. ஊளிக்கு வெள்ளி. என்ன அடித்தும் எல்லாம் அதே வாயோடு சிரித்துக்கொண்டிருந்தன.

திறப்பு விழா ஒரு வெள்ளிக்கிழமை காலை. வாழை மரம், நாதஸ்வரம், பன்னீர். விசைப்படகு முதலாளிகள், மீன் கம்பெனிக்காரர்கள், லாட்ஜ்காரர்கள் என்று ஐம்பது அறுபது பேர். நான் இஸ்திரி போட்ட சட்டையில், பை நிறைய விசிட்டிங் கார்டோடு வாசலுக்குப் பக்கத்தில் நின்றேன். ரூபன் உள்ளே ஏணியில் நின்று, மாட்டும்போது உரசிப்போன இடங்களுக்கு வண்ணம் தொட்டுக்கொண்டிருந்தார்.

குத்துவிளக்கு ஏற்றியது கருணாகரனின் மாமியார். பாக்கியம் என்று பெயர். நாற்பது வருடம் மண்டபத்தில் கூடை வைத்து மீன் விற்றவராம். எழுதப் படிக்கத் தெரியாது. விளக்கை ஏற்றி முடித்து, சேலையை உதறிச் செருகிக்கொண்டு, அண்ணாந்து முதல் மேசைக்கு மேலே பார்த்தார்.

"இது என்ன, ஜிலேபிக் கெண்டையா?"

"சீலாவாம் அத்தே," என்றார் பக்கத்திலிருந்த ஒருவர், அடியில் எழுதியிருந்ததைப் படித்து.

"சீலாவா?" அந்த அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "ஜிலேபிக் கெண்டையப் பிடிச்சு இழுத்துப் போட்டிருக்கு."

அடுத்த மேசை. "இதுவும் ஜிலேபிக் கெண்டைதான்."

"பாறைன்னு போட்டிருக்கு."

அடுத்தது. "இது ஜிலேபிக் கெண்டைக் குட்டி."

"நெத்திலியாம்!"

ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு நான்கு பேர். அந்த அம்மா சிரிக்கவில்லை. சந்தையில் சரக்குப் பார்க்கிற மாதிரி மேசை மேசையாகப் போய்க்கொண்டே இருந்தார், கூட்டம் பின்னாலேயே போனது. திருக்கைக்குக் கீழே நின்று, "இதுமேல லாரி ஏறிருச்சா?" என்றார். இறாலுக்கு வந்ததும் சற்று நேரம் வாயில் கைவைத்துக்கொண்டு நின்றார். "எறாலுக்கு எதுக்குப்பா இம்புட்டுப் பெரிய கொடுக்கு? எறாலுக்கும் நண்டுக்கும் பொறந்ததா?"

கடைசியில் திரும்பி மருமகனைப் பார்த்து எல்லோர் முன்னாலும் கேட்டார். "மாப்ள, கடல் மீனுக் கடைன்னு சொன்னீக. கம்மா மீனுக் கடையாவுல்ல வச்சிருக்கீக?"

ஹோட்டலே அதிர்ந்தது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். விசைப்படகுக்காரர்கள் போனை எடுத்து மீன் மீனாகப் படம் பிடித்தார்கள். ஒவ்வொரு மீனுக்கும் கீழே என் போன் நம்பர் பளிச்சென்று இருந்தது. வாசலில் நிற்கும்போதே முதல் போன் வந்துவிட்டது. "ஏலே, கம்மாய்க்கு ரெண்டு டஜன் மீனு வேணும், இருக்கா?" என்று யாரோ கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். கருணாகரன் சொன்னது சரிதான். விளம்பரம் என்றால் அப்படி ஒரு விளம்பரம்.

இதுவரைக்கும் நடந்தது சிரிக்கிற கதை.

கருணாகரன் என் சட்டையைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். சமையல்கட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். முகம் கோணியிருந்தது, இந்தத் தடவை பல்லால் இல்லை.

"யாருய்யா செஞ்சது இத? என் கலியாணத்துல இருந்து இந்தம்மா என்னய மதிச்சதில்ல. இன்னைக்கு ஊரக் கூட்டி வச்சு என்னயக் கம்மாய்க்காரனாக்கிட்ட!"

அந்த நேரத்தில் ரூபன் பெயின்ட் டப்பாவோடு பின்கதவு வழியாக வந்தார். பிரஷ் கழுவ வந்திருப்பார்.

என் வாய் என்ன சொன்னது என்பதை இன்றைக்கும் எழுத்து மாறாமல் சொல்ல முடியும்.

"டிசைன் எல்லாம் கரெக்ட்டுதாண்ணே. மெஷின்ல தப்பு வராது. பெயின்டிங்லதான் மாறிப்போச்சு. இவருதான் அடிச்சாரு."

பெயின்ட் அடித்தால் பாறை ஜிலேபிக் கெண்டையாகுமா? பல்லுள்ள மீனுக்குப் பல் போகுமா? ஒரு சின்னப் பிள்ளைகூடக் கேட்டிருக்கும். கருணாகரன் கேட்கவில்லை. கத்துவதற்கு அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் கொடுத்தேன், அதுவும் விலையில்லாமல்.

"நீ கேம்ப்பு ஆளாடா?" என்றார் ரூபனைப் பார்த்து. "எங்கன இருந்துடா வாரீங்க எல்லாம்? நாளைக்கு ஒங்க கேம்ப்பு ஆபீஸுக்கு ஒரு போனப் போட்டேன்னு வையி..."

ரூபன் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர், நான் அடுத்து ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிற மாதிரி பார்த்தார். அந்தக் காலண்டர் தாளைப் பற்றி, அவர் சொன்னதைப் பற்றி, ஏதாவது. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெரிய சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அதை அவ்வளவு கவனமாக நான் பார்த்திருக்கவே வேண்டாம்.

"என்ட பிழைதான் ஐயா," என்று ரூபன் குரல் கேட்டது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பிரஷ்ஷைக் கழுவாமலே துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். ஏணி எங்களுடையது. அதை மட்டும் மடக்கி, வாசலில் என் வண்டிக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டுப் போயிருந்தார்.

பத்து நாளில் மீன்கள் திரும்பி வந்தன. கருணாகரன் பாக்கியில் ஒரு பைசா தரவில்லை, நானும் கேட்கவில்லை. உப்புக் காற்றில் மாமரம் முறுக்கிக்கொண்டு, சீலா வில்லாக வளைந்திருந்தது. துள்ளுகிற மாதிரி. பன்னிரண்டில் அது ஒன்றுதான் உயிருள்ள மீன் போல இருந்தது.

வீட்டில் நான் முதல் பாதியை மட்டும் சொன்னேன். பாக்கியம் அம்மா சொன்னதையெல்லாம் நடித்தே காட்டினேன். விலை விஷயத்தில் பொய் சொன்னது தெரிந்தும் செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். மகளும் சிரித்தாள். அப்படியே போயிருக்கும். ஆனால் செல்வி ஒருநாள் மேசை இழுப்பறையில் ரூபன் பெயர் எழுதி, கொடுக்காமல் விட்ட கூலிக் கவரைப் பார்த்துவிட்டாள்.

"இது ஏன் இன்னும் இங்கன கெடக்கு? ரூபன் அண்ணன் வரலையா?"

சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் நின்றுகொண்டே கேட்டாள். கவரைப் பிரித்து எண்ணினாள். உள்ளே போய்த் தன் பையிலிருந்து எடுத்துவந்து, மீனுக்கு முந்நூறாக வருகிற மாதிரி வைத்து மூடினாள். "காலம்பற மொத பஸ்ஸுக்குப் போங்க," என்றாள். அவ்வளவுதான்.

முகாம் வாசலுக்கு எதிரே டீக்கடையில் ரூபனைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார். பெஞ்சில் இடம் விட்டார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் எனக்கும் ஒரு டீ சொல்லிவிட்டார். பாலம், வெயில், பிள்ளைகளின் படிப்பு என்று கொஞ்சம் பேசினார். நான் கவரைக் கொடுத்தேன். எண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் ஏறியதிலிருந்து மனதுக்குள் கட்டிவைத்திருந்த பேச்சையெல்லாம் எடுத்தேன். "ரூபன், அன்னைக்கு... எனக்கு மீனப் பத்தி ஒண்ணும் தெரியாது. அந்தப் பதட்டத்துல..."

"மீன் தெரியாட்டிப் பரவாயில்லை அண்ணை," என்றார். குரலில் கசப்பே இல்லை. விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார். "என்னைத் தெரியும்தானே?"

நான் டீயைக் குடித்தேன். சூட்டில் நாக்கு வெந்தது. மன்னிப்புக் கேட்டேனா? கேட்டேன் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு யோசித்துப் பார்த்தாலும் அந்த வார்த்தையை நான் சொன்ன மாதிரி ஞாபகம் இல்லை. டீக்குக் காசு கொடுக்கப் போனேன். அவர் முன்பே கொடுத்திருந்தார்.

அதற்குப் பிறகு ரூபன் என் ஷெட்டுக்கு வரவில்லை. மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் எடுத்து, மரியாதையாக, வேறு வேலை இருக்கிறது என்று சொன்னார். நாலாவது முறை செய்ய எனக்குத் தைரியம் இல்லை. வேறு பெயின்டர் வைத்துக்கொண்டேன். இப்போது என் பிள்ளையார்கள் எல்லாம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கின்றன. செல்விதான் விலை சொல்கிறாள். அவள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, நோட்டைப் பார்த்துச் சொல்வாள். ஷெட் ஓடுகிறது.

மீன்களில் நாலைந்தைச் சொந்தக்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். அபிராமத்தில் என் மச்சான் வீட்டு ஆட்டுக் கொட்டகையில் திருக்கை தொங்குகிறது. எங்கள் குடும்பத்தில் யார் வீட்டு விசேஷத்திலும் இலையில் மீன் விழுந்தால் போதும், "மாமா, இது என்ன மீனு, சொல்லுங்க பாப்போம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். "நீட்டுனா சீலா, அமுக்குனா திருக்கை!" என்று என் மகள் எடுத்துக் கொடுப்பாள். சர்பத்திலிருந்து அரை மாத்திரை வரை, ஜிலேபிக் கெண்டைக் குட்டி வரை, செல்வி முழுக் கதையையும் சொல்வாள். என்னைவிட நன்றாகச் சொல்வாள். பாக்கியம் அம்மா மருமகனைப் பார்த்துக் கேட்கிற இடத்தில் எல்லோருக்கும் புரையேறும். அங்கே நிறுத்திவிடுவாள். எத்தனை வருடமாகச் சொன்னாலும் அங்கேதான் நிறுத்துவாள்.

போன தைப் பொங்கலுக்கு வந்திருந்த புது மாப்பிள்ளை ஒருவர், விவரம் தெரியாமல், சிரிப்பு அடங்கியதும் கேட்டார். "ஏணியில பெயின்டர் ஒருத்தர் நின்னாருன்னீங்களே அத்தே, அவரு என்ன சொன்னாரு?"

செல்வி என்னைப் பார்க்கவில்லை. கரண்டியை எடுத்துக்கொண்டு, "கொழம்பு ஊத்தவா?" என்று கேட்டாள்.

அவரிடமா என்னிடமா என்று தெரியவில்லை. நான் இலையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினேன்.